சட்டைப் பையில் ஒரு துண்டு வானம்

சலவை இயந்திரத்திலிருந்து சட்டையை எடுத்து உதறியபோது, பாலில் ஊறிய ரொட்டி மாதிரி ஏதோ ஒன்று தரையில் விழுந்தது. நெல்டா குனிந்து எடுத்தாள்.

"என்ன மனுஷா இது? சட்டைப் பையில கைக்குட்டைக் காகிதத்தை விட்டுட்டியா?"

கணவர் ஒஸ்வால்டோ அதை வாங்கிப் பார்த்தார்.

"அது வானம்" என்றார்.

வியாழக்கிழமை மதியங்களில் கனடாவின் வின்னிபெக் நகரில் ஒரு சின்ன நூலகத்தில் மூன்று பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அட்டைத் துண்டுகளைப் பொருத்தி ஜிக்சா படம் சேர்ப்பார்கள். சிலியிலிருந்து வந்த ஒஸ்வால்டோ, உக்ரைன்காரி ஓரிஸ்யா, கானாவின் குவாபெனா. இப்போது மேஜையில் இருப்பது ஓரிஸ்யா தேர்ந்தெடுத்த படம். ஆயிரம் துண்டுகள். கீழே உக்ரைனின் சூரியகாந்தி வயல், மேலே அறுநூறு துண்டுக்கு வெறும் நீல வானம்.

கடைசித் துண்டை வைப்பவரின் பெயரை ஓர் அட்டையில் எழுதி, படத்தோடு நூலகச் சுவரில் மாட்டுவார்கள். அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருக்கே. அப்படித்தான் ஓரிஸ்யா எல்லோரையும் மூன்று மாதம் தன் ஊர்க் கடைத்தெருவில் உட்கார வைத்தாள். குவாபெனா நான்கு மாதம் மீன்பிடிப் படகுகளில் ஏற்றி வைத்தார். ஒஸ்வால்டோவின் அலமாரியில் தன் ஊரான வால்பராய்சோவின் மலைவீடுகளின் படம் ஒன்று, மேலுறை பிரிக்காமல், நான்கு வருடமாகக் காத்திருந்தது. பதினோரு படங்கள் முடிந்துவிட்டன. ஒருமுறைகூடக் கடைசித் துண்டு அவர் கையில் வரவில்லை.

அதனால்தான் போன வாரம் யாரும் பார்க்காத ஒரு நொடியில் ஒரு நீலத் துண்டு அவர் சட்டைப் பைக்குள் போனது. எல்லோரும் "ஒண்ணு குறையுதே" என்று தேடும்போது மேஜைக்கடியிலிருந்து எடுப்பதுபோல் எடுத்து வைத்துவிடலாம் என்பது திட்டம்.

"போய் உண்மையைச் சொல்லிடு" என்றாள் நெல்டா.

"வெர்னனை மறந்துட்டியா?"

போன வருடம், மேஜையில் நான்காமவராக இருந்த வெர்னன் செய்ததும் இதேதான். அவர் இப்போது வருவதில்லை. 'துண்டை ஒளிச்சவனுக்கு இந்த மேஜையில இடமில்லை' என்று அன்றைக்கு மேஜையைத் தட்டியது ஒஸ்வால்டோ. பேருந்துப் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றபின், வாரத்தில் ஒரு நாள்தான் அவர் இருபது வாக்கியத்துக்கு மேல் பேசுகிறார் என்பது நெல்டாவின் கணக்கு. அந்த ஒரு நாள் வியாழன்.

போலித் துண்டு ஒன்று செய்வதென்று முடிவாயிற்று. அதற்கு ஓட்டையின் வடிவம் வேண்டும். ஓட்டை தெரிய வேண்டுமானால் சுற்றியுள்ள வானத்தை முடிக்க வேண்டும். அடுத்த வியாழன் அவர் வானத்துப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்ன பெரியவரே, திடீர்னு மேல பாக்கறீங்க?" என்றார் குவாபெனா. "போற வயசு வந்துடுச்சுன்னு தோணுதா?"

"யாராவது செஞ்சுதானே ஆகணும், தம்பி."

"இத்தனை நாளா எங்க வானத்தைத் திட்டினது இந்த வாய்தான்" என்றாள் ஓரிஸ்யா.

"உங்க ஊர்ல மேகமே கிடையாதாம்மா?"

"இருக்கு. படம் பிடிக்கிறவன் வர்ற அன்னிக்கு மட்டும் அதுங்களுக்கு லீவு."

ஒஸ்வால்டோ சிரிக்கவில்லை. வேலையிலேயே இருந்தார். இரண்டு மணி நேரத்தில் எண்பது துண்டு. ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. மற்ற இருவரும் தேநீர் எடுக்கப் போனபோது அதன்மேல் காகிதத்தை வைத்து வடிவத்தை வரைந்துகொண்டார்.

"இந்த வேகத்துல போனா அடுத்த வாரமே முடிஞ்சிடும்" என்றாள் ஓரிஸ்யா திரும்பி வந்து.

"என்ன அவசரம்?" என்றார் குவாபெனா. அவர் குரலில் உற்சாகம் இல்லை.

வீட்டில் ஒஸ்வால்டோ காலையுணவுத் தானியப் பெட்டியின் அட்டையை வெட்டினார். நெல்டா வண்ணம் பூசினாள். காய்ந்ததும் இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"வானம் மாதிரி இல்லையே" என்றார் அவர்.

"நீச்சல் குளம் மாதிரி இருக்கு" என்று நெல்டா ஒப்புக்கொண்டாள்.

வேறு வழி தேட இப்போது அவருக்கு நாள் வேண்டும். திங்கட்கிழமை தனியாக நூலகத்துக்குப் போய், சூரியகாந்திப் பக்கத்தில் ஒரு கைப்பிடி துண்டுகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கலக்கிவிட்டு வந்தார்.

வியாழனன்று ஓரிஸ்யா கோட்டைக் கழற்றும் முன்பே கண்டுபிடித்தாள்.

"இங்க முப்பது பூ இருந்துச்சு. யாரு பறிச்சது?"

"சின்னப் பசங்களா இருக்கும்" என்றார் ஒஸ்வால்டோ.

"பசங்கன்னா தரையில வீசிட்டுப் போவாங்க. இது பெட்டியில போட்டு மூடியும் வெச்சிருக்கு. ரொம்ப ஒழுக்கமான பையன் போல." அவள் குவாபெனாவைப் பார்த்தாள்.

"என்னை ஏம்மா பாக்கறே?"

"போன வாரம் 'என்ன அவசரம்'னு கேட்டது யாரு? நானா?"

"நிதானமா செய்யலாம்னு சொன்னா திருடனா? மூணு மாசம் உன் ஊர்க் கடைத்தெருவுல நின்னேனே, ஒரு தக்காளியாவது எடுத்தேனா?"

சத்தம் கேட்டு நூலகர் மார்லீஸ் வந்தாள். நிதானமான பெண். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, "எல்லாத் துண்டையும் எண்ணிப் பாத்துடலாமே" என்றாள்.

"வேண்டாம்!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"நமக்குள்ள நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கு" என்றார் குவாபெனா.

"எண்ணிப் பாக்கிறது அசிங்கம்" என்றாள் ஓரிஸ்யா.

இவ்வளவு நல்ல மனிதர்களை ஏமாற்றுகிறோமே என்று ஒஸ்வால்டோ வெட்கப்பட்டார். சமாதானத்துக்காக, அடுத்த வாரம் சனிக்கிழமை பத்து மணிக்கு மூவரும் சேர்ந்து படத்தை முடிப்பதென்றும், ஓரிஸ்யா கேக் கொண்டுவருவதென்றும் முடிவாயிற்று.

இணையத்தில் தேடியபோது அதே படத்தின் பழைய பெட்டி ஒன்று பிராண்டன் என்ற ஊரில் ஒரு பெண்ணிடம் கிடைத்தது. அவளிடம் இருந்த மூன்று பெட்டிகளில் அதுதான் கடைசி. பனியில் இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் வாங்கிவந்தார். வரைந்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து, அறுநூறு நீலத் துண்டுகளையும் ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

படம் அதேதான். வெட்டு வேறு. தொழிற்சாலையில் எப்போதோ அச்சை மாற்றியிருக்கிறார்கள்.

நெல்டா காகிதத்தை வாங்கி, தானும் ஒரு துண்டை வைத்துப் பார்த்தாள்.

"அப்போ துண்டை மாத்த முடியாது" என்றாள் நெல்டா.

"முடியாது."

"முழுப் படத்தையும்தான் மாத்தணும்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நான் சும்மா சொன்னேன், மனுஷா."

அதற்குள் அவர் சாப்பாட்டு மேஜையிலிருந்த தட்டுகளை எடுக்க ஆரம்பித்திருந்தார்.

நான்கு நாள் இருவரும் அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டார்கள். நெல்டா பூக்களைச் செய்தாள், அவர் வானத்தை. பேச்சு அதிகமில்லை. கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் இவ்வளவு நேரம் அவர்கள் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. வியாழனன்று நூலக மேஜையில் எந்தெந்த இடம் பாக்கி என்று குறித்துக்கொண்டு வந்து, வீட்டுப் படத்திலும் அதே இடங்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டார். அந்தப் பழைய ஓட்டைக்கு வரவேண்டிய நீலத் துண்டை மட்டும் தனியே எடுத்து மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்தார். இந்த முறை சட்டைப் பையில் இல்லை.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. வெளியே மைனஸ் முப்பது. படத்தைப் பலகையோடு போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு, நூலகத்தின் பின்கதவைக் காலால் தட்டினார். மேஜையில் இருக்கும் படத்தை எடுத்துவிட்டு இதை வைக்க ஐந்து நிமிடம் போதும். மார்லீஸிடம் சொல்லவேண்டிய பொய்யை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார்.

கதவு திறந்தது.

"மார்லீஸ், இது வந்து... என் மச்சினன் வரைஞ்ச ஓவியம்..."

மார்லீஸ் போர்வையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள். சூரியகாந்தி. வானம். வானத்தில் ஓர் ஓட்டை. அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை. போர்வையை மறுபடி மூடி, அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"பின்னறையில வைங்க. பாத்து நடங்க, தரையில ஓரிஸ்யா கொண்டுவந்த இதே படமும் குவாபெனா கொண்டுவந்த இதே படமும் நேத்துலேருந்து கிடக்கு, அதுலயும் ஒவ்வொரு துண்டு குறையுது."