பாலத்துக்கு ஏற்ற ஆங்கிலம்

ஆற்றுப் பாலத்தின் நடுக்கட்டை உளுத்துப்போன விவகாரத்தை எங்கள் ராகித்னா நகராட்சி மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு பரிசீலித்து, எச்சரிக்கை அறிவிப்பு ஒன்று வைப்பதெனத் தீர்மானித்தது. பல்கேரிய மலையூர்களில் ஆங்கிலேயர்கள் வீடு வாங்கிக் குடியேறிய காலம். ஆங்கிலத்தில் இல்லாத அறிவிப்பை எவன் மதிப்பான்? வாசகம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அஞ்சல்வழியில் ஆங்கிலம் படித்துப் பாதியில் விட்டவன் நான். எங்கள் அலுவலகத்தில் அவ்வளவு படித்தவர் வேறு யாருமில்லை.

'மஸ்ட் நாட்' என்று எழுதினேன். நடக்கவே கூடாது என்று பொருள். சட்ட ஆலோசகர் டெசிஸ்லாவா பதறிவிட்டார்.

"கூடாதுன்னு உத்தரவு போட்டா, அப்புறம் பாலத்தை நாமதானே சரி பண்ணணும்? 'ஷுட் நாட்'னு போடுங்க. நடக்காம இருந்தா நல்லதுன்னு ஒரு யோசனை, அவ்வளவுதான். விழுந்தா விழுந்தவங்க பாடு."

யோசனை சொல்லிக்கொண்டு திரிவது நகராட்சிக்குக் கௌரவக் குறைச்சல் என்றார் தலைவர் குரோஸ்தான். நான் இரு சொற்களையும் ஒப்பிட்டு, எடுத்துக்காட்டுகளோடு நீண்ட அறிக்கை வாசித்தேன். கடைசிவரை விழித்திருந்தவன் நான் ஒருவன்தான்.

கூட்டத்தின் நடுவில், ரொட்டி சுடும் ஸ்லாவ்கா அக்கா வந்தார். அடுப்பு அக்கரையில், கடை இக்கரையில். தினமும் கூடையோடு வரும்போது கட்டை முனகுகிறது என்றார். அதற்காகத்தான் கூடியிருக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

கடைசியில், ஊரில் குடியிருந்த ஆங்கிலேயர் கிளைவை அழைத்து, 'ஷுட் நாட்' போதுமா என்று கேட்டோம். வாய் நிறைய ரொட்டியோடு அவர் தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டுப் போனார். எங்களிடம் அதற்கு 'இல்லை' என்று பொருள், அவர்களிடம் 'ஆமாம்'. பல வருஷம் இங்கே இருந்தவர், நம் வழக்கப்படிதான் ஆட்டினார் என்றார் தலைவர். பிறவிப் பழக்கம் போகாது என்றார் டெசிஸ்லாவா. திரும்பக் கேட்டால் நமக்கு ஆங்கிலம் தெரியாதென்று அம்பலமாகிவிடும் என்று தடுத்தவன் நான்.

வசந்தம் முழுக்க விவாதித்து, இரண்டு சொற்களையும் போட்டு, ரிப்பன் வெட்டி அறிவிப்பைத் திறந்துவைத்தோம். மறுநாள் காலையில் ஸ்லாவ்கா அக்கா கூடையோடு ஆற்றுக்குள் விழுந்தார்.

மருத்துவமனையில் காலில் கட்டோடு படுத்திருந்தவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தது.

"இம்மாம் பெரிய அறிவிப்பு வச்சிருக்கோமே அக்கா, பாக்கலையா?"

"பாத்தேன் தம்பி. எனக்கு இங்கிலீஷ் ஏது? போற வர்றவங்களை எல்லாம் கேட்டேன். தெரியாதுன்னு ஒருத்தர்கூடச் சொல்லல. 'நல்வரவு'ன்னு போட்டிருக்குன்னாங்க."