சனி கிரகம் நாலாம் பாகமும் சம்பந்தியின் மௌனமும்

நெரவி,
வியாழக்கிழமை, காலைப் பலகாரத்துக்குப் பின்.

பெருமதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி திரு. தர்ப்பாரண்யம் அவர்கள் சமூகத்துக்கு, நெரவி மாரிக்கண்ணு இரு கரம் கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் மனைவி அமுதம், தங்கள் மகன் எழிலனுக்குப் பேசி வைத்திருக்கும் என் கடைசிப் பெண் கவியா ஆகிய மூவரும் உயிரோடு இருக்கிறோம். அதில் இருவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவ்விடம் தாங்களும், சம்பந்தியம்மாவும், தங்கள் லாட்ஜும், அதில் தங்கியிருக்கும் பக்தகோடிகளும் சௌக்கியமாக இருக்கத் திருநள்ளாறு சனீஸ்வர பகவானை வேண்டிக்கொள்கிறேன். பகவான் என்று முழுசாக எழுதியிருப்பதைக் கவனிக்கவும்.

ஒன்பது நாளாகத் தாங்கள் என் போனை எடுக்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. நேரில் வந்து காலில் விழுகிறேன் என்றுதான் சொன்னேன். கவியா விடவில்லை. "அப்பா, நீங்க நேர்ல போனா விழுந்து எந்திரிக்கறதுக்குள்ள ஒரு கிண்டல் பண்ணிடுவீங்க. மன்னிப்ப எழுத்துல கேளுங்க. எழுதுனா கை வலிக்கும், கிண்டல் கொறையும்" என்றாள். நான் படித்தது ஆறாம் வகுப்பு, அதுவும் அரைப் பரீட்சை வரைக்கும். கை இப்போதே வலிக்கிறது. கிண்டல் குறைந்த மாதிரி தெரியவில்லை. அதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

நடந்தது என்ன என்றால், தங்கள் மகன் போன் பண்ணி, "மாமா, சனி கிரகம் நாலாம் பாகம் வந்திருக்கு, மேட்னிக்கு டிக்கெட் எடுத்துட்டேன், கவியாவ அனுப்பி வைங்க" என்றார். அமுதம் உடனே, "நிச்சயம் ஆவறதுக்கு முந்தி ரெண்டு பேரும் தனியா போறதா? நீங்களும் போங்க" என்று என்னைக் கிளப்பி விட்டுவிட்டாள். எனக்கும் அந்தப் படத்துக்கும் பழைய பகை சம்பந்தி. முப்பது வருஷத்துக்கு முன்னால் முதல் பாகம் தமிழ் பேசிக்கொண்டு காரைக்காலுக்கு வந்தபோது, போஸ்டரில் 'சனி கிரகம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பின்னால் ஒரு வெளிச்ச வளையம் போட்டிருந்தான். சாமி தலைக்குப் பின்னால் இருக்கிற ஒளிவட்டம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஏழரை நடந்துகொண்டிருந்தது. அமுதத்தைத் தலைக்குக் குளிக்கச் சொல்லி, கூட்டிக்கொண்டு போய், ரெண்டு பேரும் செருப்பைத் தியேட்டர் வாசலில் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனோம். உள்ளே ஒரு வெள்ளைக்காரன் ஒரு பெரிய பல்லியைத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்தான். "கொஞ்சம் பொறுங்க, சாமி வரும்" என்று இடைவேளை வரைக்கும் அமுதம் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். சாமி வரவில்லை. வெளியே வந்தால் செருப்பையும் காணோம். செருப்பு தொலைந்தால் சனி விட்டது என்று தங்கள் ஊரிலேயே சொல்வார்கள். எங்க விட்டுச்சு? நாலாம் பாகமா வந்து நிக்குது.

அதே வெள்ளைக்காரன்தாங்க இதுலயும் கதாநாயகன். எழுபது வயசு இருக்கும். அப்ப அந்த வளையத்து மேல குதிச்சு ஓடுனவன், இப்ப ராக்கெட்டுல ஏறவே கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு ஏறுறான். ஏறி முடிச்சதும் எதுக்கு ஏறுனோம்னு மறந்துட்டு நிக்கிறான். பாவம், வீட்டுக்குப் பின்னாடி தக்காளி போட்டு தண்ணி ஊத்திக்கிட்டு இருந்த மனுசன். அதிகாரிங்க நாலு பேரு வந்து, "உங்கள விட்டா இந்த பூமிக்கு ஆளு இல்ல"ங்கறாங்க. "போன தடவையும் இதத்தானய்யா சொன்னீங்க"ங்கறான். தியேட்டரே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல, முட்டிதான் வலிச்சுது. எனக்கு இந்தப் பக்கம் உங்க மகன், அந்தப் பக்கம் என் மக, பாப்கார்ன் என் மடியத் தாண்டிப் போறதும் வர்றதுமா இருக்கு. உங்க மகன் காட்சிக்குக் காட்சி என் காதுல, "மாமா, இது ரெண்டாம் பாகத்துல ஒடைஞ்ச கதவு மாமா", "இந்த ரோபோவோட அப்பாதான் மாமா முதல் பாகத்துல செத்தது"ங்கறாரு. ரோபோவுக்கு ஏதுங்க அப்பான்னேன். "நீங்க முதல் பாகம் பாக்கலயா?"ன்னாரு. பாத்தேன் தம்பி, செருப்பக் குடுத்துட்டுப் பாத்தேன்.

வெளியில வந்தா, எங்க தெருவுல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கற அஸ்ஃபாக்கு கண்ணெல்லாம் செவந்து நிக்கிறான்.

"என்னாப்பா, ஏசி ஒத்துக்கலயா?"

"இல்லண்ணே. இதுக்காக இத்தன வருஷம் காத்துக் கெடந்தேன், இப்புடிப் பண்ணிட்டானுவளே! மூணாம் பாகத்துலயே அவரு செத்துட்டாருண்ணே. அன்னிக்கு நான் சோறு திங்கல. இதுல எப்புடி வந்தாரு?"

"ஏண்டா, செத்த மனுசன் திரும்பி வந்திருக்காரு. வாங்கன்னு கூப்பிடாம, எப்புடி வந்தீங்கன்னு கேக்குறியே?"

அதுக்குள்ள உங்க மகன் பூந்துட்டாரு. "பாய், அது வேற டைம்லைன் பாய்."

"நீ பொறக்கறதுக்கு முந்தியே பாத்தவன் தம்பி நானு. எனக்கு லைன் சொல்லிக் குடுக்காத. ரெண்டாம் பாகத்தோட சரி. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் எச்சித் தட்டு."

ரெண்டு பேரும் கைகலப்புக்குப் போயிடுவாங்களோன்னு இருந்துச்சு. கவியாவ மட்டும் கேட்டேன், படம் எப்புடின்னு. ரொம்ப நல்லாருக்குன்னா. அவ திரையப் பாக்கவே இல்ல.

அப்பதாங்க மைக்கத் தூக்கிக்கிட்டு ஒரு பொண்ணு வந்துச்சு. யூடியூப்பாம். பின்னாடி கேமராவோட ஒருத்தன். வயசான ஆளப் பாத்ததும் நேரா என்கிட்டதான் வந்துச்சு.

"தாத்தா, படம் எப்புடி?"

"அந்தச் சனியனப் பத்திக் கேக்காதம்மா. மூணு மணி நேரம் உக்காந்து இடுப்பே போச்சு."

"வில்லன் எப்புடி தாத்தா?"

இங்கதான் சம்பந்தி நான் வாயத் தொறந்தேன். நீங்களே நியாயம் சொல்லுங்க. அந்த வில்லன் சனி கிரகத்து வாசல்ல ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கான். நல்ல வழுக்கை. இடுப்புல ஒரு கொத்து சாவி. ராக்கெட்டுல வர்றவன ஒவ்வொருத்தனா நிப்பாட்டி, "எத்தன பேரு? எத்தன நாளு? அடையாள அட்ட இருக்கா?"ன்னு கேக்குறான். நான் என்னா செய்யறது? "எங்க சம்பந்தி தர்ப்பாரண்யம் மாதிரியே இருக்காரும்மா, திருநள்ளாத்துல லாட்ஜு வச்சிருக்காரு"ன்னுட்டேன். உங்க லாட்ஜுக்கும் ஒரு வெளம்பரமா இருக்கட்டுமேங்கற நல்லெண்ணமும் அதுல இருந்துச்சு. அஸ்ஃபாக்கு உட்பட அன்னிக்குப் படம் பாத்த அத்தன பேரும் அந்த வில்லன் ஒருத்தன்தான் உருப்படின்னு சொன்னாங்க. அந்த வகையில பாத்தா நான் உங்களப் பாராட்டித்தான் இருக்கேன்.

மூணாவதாவும் ஒண்ணு சொன்னேன். "அந்தப் பெரிய மனுசன வீட்டுக்கு அனுப்பிடுங்கம்மா. முப்பது வருஷம் கழிச்சும் வந்து ஓடுன்னா எப்புடி ஓடுவாரு? அங்க தக்காளி வாடுதுல்ல?"ன்னேன். இந்த ஒரு வருஷத்துல நான் கிண்டல் இல்லாம பேசுன பேச்சு அது ஒண்ணுதான். அத வெட்டிப்புட்டானுவ. மிச்சத்த ஒட்டி, வாயத் தொறந்த வாக்குல என் மூஞ்சியப் பெருசாப் போட்டு, மேல எழுதியிருக்கான்: 'சம்பந்தி ஒரு சனியன்! காரைக்கால் தாத்தா கதறல்!' நான் கதறல சம்பந்தி. அது கொட்டாவி.

உங்க ஊர்ல அந்த வார்த்தைய யாரும் வாய்ல வைக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். பகவான் பேரச் சொல்லித்தான் ஊரே அடுப்பு மூட்டுது. நெரவியில நாங்க அதக் கொசுவுக்கும் சொல்லுவோம், போன கரண்டுக்கும் சொல்லுவோம், வராத பஸ்ஸுக்கும் சொல்லுவோம். ஒரு பஸ்ஸு தூரத்துல அந்த வார்த்தைக்கு இம்புட்டு கனம் ஏறிடும்னு நெனச்சுப் பேசல. நேத்து கவியா நிச்சயத்துப் புடவைய பீரோவுல திருப்பி வச்சுட்டா. கதவ ஓங்கிச் சாத்தியிருந்தா எனக்குத் தேவலாம். மெதுவாச் சாத்துனா. எனக்கு அசதியா இருக்குங்க. வயசு அசதி இல்ல, இந்த வாயோட எழுபத்திரண்டு வருஷமா குடித்தனம் பண்ணுன அசதி.

ஆகவே, தாங்கள் எந்த வகையிலும் அந்த வில்லனைப் போல இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். வழுக்கை மட்டும் கொஞ்சம். சரி, அதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கோவத்த என்மேல எவ்வளவு வேணா வச்சுக்குங்க, பொண்ணு மேல வச்சுடாதீங்க. நிச்சயத்தன்னிக்கு நான் வாயே தொறக்க மாட்டேன். கை நீட்டச் சொன்னா நீட்டுறேன், தட்டு மாத்தச் சொன்னா மாத்துறேன். உங்க பக்கத்து ஆளுங்க யாரப் பாத்தும், அவங்க எப்புடி இருந்தாலும், ஒரு சொல்லு சொல்ல மாட்டேன்.

தங்கள் மகனுக்கு என் ஆசீர்வாதம். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். வாடகைக்கு அறை எடுத்திருக்கும் அன்பர்கள் அனைவரின் தோஷமும் கழியட்டும், என்னுடையதும் அதில் ஓரமாகச் சேர்ந்து கழியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்,
பெ. மாரிக்கண்ணு

பி.கு.: உறையில் போடறதுக்கு முன்னாடி எழுத்துப் பிழை பாக்குறேன்னு கவியா வாங்கிப் படிச்சா. படிச்சுட்டு தரையில உக்காந்து சிரிக்கிறா. அமுதமும் அடுப்படியில சிரிக்கிறா. உங்க போனு நளன் கொளத்துல விழுந்து ஒன்பது நாளாச்சாமே? எண்ணெ எப்புடித் தேய்க்கணும்னு யாருக்கோ குனிஞ்சு காட்டப் போயி, சட்டப் பையிலேருந்து போயிடுச்சாமே? அந்த வீடியோவ நீங்க அன்னிக்கே பாத்துட்டு, லாட்ஜு டிவியில ஓட விட்டு, வர்றவங்களோட நின்னு போட்டோ எடுத்துக்கறீங்களாமே? உங்க மகன் சொல்லி எல்லாம் கவியாவுக்கு மொத நாளே தெரியுமாம். "ஒரு தடவையாச்சும் நீங்க மன்னிப்பு கேட்டுப் பாக்கணும்னு ஆசப்பட்டேம்ப்பா"ங்கறா. பெத்தது நான்தான், வேற யாரச் சொல்ல? கடுதாசியக் கிழிக்கப் போனேன், புடுங்கிக்கிட்டா. ஆகவே மேலே கண்ட மன்னிப்பைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பவும். வழுக்கையும் வாபஸ் இல்லை. நிற்க, நிச்சயத்தன்னிக்கு சாயந்திரம் மண்டபத்துல திரை கட்டி, அந்தப் படம் நாலு பாகத்தையும் வரிசையா ஓட்டப் போறீங்களாம், முன் வரிசையில உங்க பக்கத்து நாற்காலி எனக்காம். சம்பந்தி, உங்களுக்கு நெசமாவே ஒரு ரெண்டு வாரம் கோவம் வர்றதுக்கு நான் என்னா சொல்லணும்? பதில் போடுங்க. அந்த மைக்குப் பொண்ணு நம்பர் என்கிட்ட இருக்கு.