உன் அத்தானுக்கு ஸ்பீக்கர் வாங்கிய விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுமென்று நினைத்தபடியே பேனாவை எடுத்தேன். இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் நீ மறுபடி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

உன் அத்தானுக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரமாகிறது. டாக்டர் சொல்லும்வரை பேப்பர் கூடாது, டிவி கூடாது. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவிய மாஸ்டராக இருந்த மனுஷன், பச்சைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மிச்சமிருப்பது பாட்டு ஒன்றுதான். அதையும் போனில் போட்டு, சத்தம் போதவில்லை என்று போனை எவர்சில்வர் டம்ளருக்குள் இறக்கி வைத்துக் கேட்கிறார். பாடுகிற அம்மாள் டப்பாவுக்குள் மாட்டின வண்டு மாதிரி ரீங்காரம் பண்ணுகிறாள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்கிறார். எனக்குத் தாங்கவில்லை. சமையலறையில் புது அடுப்புக்காக எடுத்து வைத்திருந்த தொகை இருந்தது. பெரிய தொகையில்லை, அற்பமும் இல்லை. அதற்குள் நல்ல ஸ்பீக்கர் வாங்குவது, ஒரு காசு தாண்டுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன்.

முதலில் மெயின் ரோட்டில் இருக்கிற பெரிய கடைக்குப் போனேன். டை கட்டின விற்பனைக்காரர் "எத்தனை வாட்ஸ் வேணும்மா?"ன்னார். "வாட்ஸ் வேண்டாம், பாட்டு வேணும்"னேன். அவர் என் உயரத்துக்கு ஒரு பெட்டியைக் காட்டி, நீல விளக்கு எரியவிட்டு, ஏதோ மேளத்தைப் போட்டார். "நெஞ்சுல இடிக்குதா பாருங்க"ன்னார். "இடிக்குது தம்பி, ஆனா நான் இடி வாங்க வரலை"ன்னு சொல்லி, என் போனில் இருந்த பாட்டைப் போடச் சொன்னேன். ஒரு பெண் குரல், பின்னால் ஒரே ஒரு புல்லாங்குழல், அவ்வளவுதான். அடியெடுக்குறதுக்கு முன்னாடி அந்தப் பெண் மூச்சு இழுப்பாள், அது கேக்கணும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் காதில் ஒயரை மாட்டி உட்கார்ந்தவள் நான். 'ஹலோ'வுக்கு முன்னாடி வர்ற மூச்சை வெச்சே நல்ல சேதியா கெட்ட சேதியான்னு சொல்லிடுவேன், உனக்குத் தெரியும். விற்பனைக்காரர் "மூச்சாம்மா?"ன்னு மேனேஜரைக் கூப்பிடப் போனார், போனவர் வரவேயில்லை. வேற ஒருத்தர் வந்து, டிவிக்குக் கீழே வைக்கிற நீளப் பெட்டியைத் தலையில் கட்டினார். பிடிக்கலைன்னா ஒரு வாரத்துக்குள்ள திருப்பலாம்னார்.

ஒரு வாரம் எங்கே, ஒரு மத்தியானம் கூடத் தாங்கலை. அதோட ஒரு கனத்த டப்பா வந்தது, அடித்தொண்டைச் சத்தமெல்லாம் அதிலேதான் வருமாம். அத்தானை உட்கார வெச்சுப் பாட்டைப் போட்டேன். ரெண்டாவது அடிக்குள்ள கதவு தட்டுற சத்தம். கீழ் வீட்டு லாரி டிரைவர், கைலியோட, கண்ணு ரெண்டும் சிவந்து நிக்கிறார். ராத்திரி பூரா ஓட்டிட்டுப் பகல்ல தூங்குற மனுஷன். "அக்கா, என் கட்டில் நகருது"ன்னார், அவ்வளவுதான், கோபமாக்கூடச் சொல்லலை. எனக்கு வெக்கமாப் போச்சு. நல்லவர், அந்தக் கனத்த டப்பாவைத் தன் தோள்ல தூக்கிக் கடைவரைக்கும் வந்து திருப்பிக் கொடுத்துட்டுத்தான் மறுபடி படுத்தார். அத்தானைக் கேட்டா அதுவும் "நல்லாருக்கு"தானாம்.

விடுவேனா. அந்த டிரைவர்தான் அவர் வண்டிக்கு ரேடியோ ரிப்பேர் பண்ற கடையைச் சொன்னார். கடைன்னா ஒரு மேஜை அகலம். உள்ளே இருந்தவர் என் பாட்டை முழுசாக் கேட்டார், நடுவிலே பேசலை. அப்புறம் மேலேயிருந்து ரெண்டு மரப்பெட்டியை இறக்கினார், ஒவ்வொண்ணும் பிஸ்கட் டின் அளவு, கூட ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். போட்டார். தம்பி, மூச்சு கேட்டுது. இடப்பக்கம் குழல், வலப்பக்கம் குரல், அந்தப் பொண்ணே எதிர்ல நிக்கிற மாதிரி. என் தொகைக்குள்ள அடங்கிச்சு, பேரம்கூடப் பேசலை. "பெட்டி ரெண்டும் கேக்குறவரும் முக்கோணமா இருக்கணும், பெட்டி காது உயரத்துல இருக்கணும், சுவத்தை ஒட்டக் கூடாது"ன்னு படம் போட்டுக் கொடுத்தார்.

அந்த முக்கோணத்துக்காக மூணு நாளா அலமாரியை ஜன்னலுக்கும், கட்டிலை வாசல் பக்கத்துக்கும் தள்ளினேன். அத்தான் நாற்காலியைச் சுத்தி சாக்பீஸ்ல கோடு போட்டு, "இதைத் தாண்டி நகராதீங்க"ன்னு சொல்லியிருக்கேன். இப்போ பெட்டி ரெண்டும் ஸ்டூல் மேல அரிசி டின், அது மேல அகராதின்னு நிக்குது. ஆகவே நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரவும். வரும்போது இரண்டரை அடி உயரத்தில் இரண்டு மர ஸ்டாண்டு, இடது பெட்டிக்குப் பதினைந்து அடி ஒயர், டிரில்லிங் மிஷின் கொண்டு வரவும். சாக்குச் சொல்ல வேண்டாம். இதில் பின்வாங்குவதாக இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பும் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

உன் நலம் கோரும்,
அக்கா

பி.கு.: எழுதியதை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இடது பெட்டிக்கு ஒயர் வேண்டாம்னு எழுது"ன்னார். ஏன்னேன். "எனக்கு இடது காது கேட்டு ரெண்டு வருஷமாச்சு"ன்னார். இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "நீ காதை வெச்சே சம்பாதிச்சவ. உன்கிட்ட போய்க் காது கேக்கலைன்னு எப்படிச் சொல்றது?" என்றார். ஊரார் மூச்சையெல்லாம் கேட்டேன், பக்கத்தில் படுத்திருக்கிறவருக்குக் காது கேட்காதது எனக்குத் தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு எழுந்து இரண்டு பெட்டியையும் அவர் வலப்பக்கத்திலேயே ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டேன். எனவே ஸ்டாண்டு, ஒயர், மிஷின் எதுவும் வேண்டாம். உன் தெருமுனையில் இருக்கிற காது டாக்டர் திங்கட்கிழமை எத்தனை மணிக்குப் பார்ப்பார் என்று மட்டும் கேட்டு வை. அத்தான் வர மாட்டேன் என்கிறார். அது என் இரண்டு காதிலும் விழவில்லை.