எண்ணிக்கை சரி

இந்திய வானம் இன்றுவரை யார் தலையிலும் விழாமல் நிற்கிறதென்றால், அதற்குக் கீழச்சிவல்பட்டி செம்மலையே காரணம். இதைச் சொன்னவர் வேறு யாருமில்லை, செம்மலைதான். சாட்சி அவர் ஒருவரே என்பதால் நாமும் நம்பித்தான் ஆகவேண்டும்.

பத்தொன்பது வருஷம் வடக்கே ஒரு தளத்தில் இராணுவ விமானங்களைப் பழுதுபார்த்தவர் அவர். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட விமானத்தில் ஏறிப் பறந்ததில்லை. கேட்டால், "சமைக்கிறவன் பந்தியில உக்காரக் கூடாது" என்பார். தொழில் பக்தி என்றால் அதுதான்.

தளத்தில் அவர் வேலை பார்த்த கொட்டகையில் ஒரு பெரிய பலகை உண்டு. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் அதனதன் உருவத்தைக் கறுப்பு மையில் வரைந்து, அதன் மேலேயே மாட்டி வைத்திருப்பார்கள். சாயங்காலம் எண்ணிப் பார்க்கும்போது ஏதாவது ஓர் உருவம் காலியாகத் தெரிந்தால் போச்சு. அன்றைக்குத் தொட்ட விமானத்தைத் திருகு திருகாகக் கழற்றித் தேட வேண்டும். பொருள் கிடைக்கிறவரை விமானமும் பறக்கக் கூடாது, ஆளும் வீட்டுக்குப் போகக் கூடாது. உள்ளே கிடக்கிற ஒரு ஸ்பேனர் எசகுபிசகான இடத்தில் போய்ச் சிக்கினால், அப்புறம் தேட விமானமே இருக்காது.

அறுபத்தாறாம் வருஷம் ஒருநாள் பதினாலாம் நம்பர் ஸ்பேனரின் இடம் காலியாக இருந்தது. அன்று செம்மலை தொட்டது ஆளேற்றும் பெரிய விமானம் ஒன்றைத்தான். அதன் எண் 917. அன்று சாயங்காலமே அவருக்கு ஊருக்கு ரயில். லீவு கிடைக்காமல் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, பன்னிரண்டு வயதாகிவிட்ட மகனுக்குப் பிள்ளையார்பட்டியில் காது குத்த வேண்டும். நாடா வீடா என்ற மாபெரும் கேள்வி எழுந்தது. செம்மலை சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். சைக்கிள் கடையில் ஒரு ஸ்பேனர் வாங்கிவந்து கறுப்பு உருவத்தின் மேல் மாட்டினார். அரை விரற்கடை குட்டைதான், ஆனாலும் ஸ்பேனர். ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: "எண்ணிக்கை சரி."

காது குத்திவிட்டுத் திரும்பியபோது 917 பறந்துகொண்டுதான் இருந்தது. விமானி மட்டும் புகார்ப் புத்தகத்தில் எழுதியிருந்தார்: "வலப்பக்கம் திரும்பும்போது உள்ளே யாரோ சிரிப்பது போல் சத்தம்." செம்மலை உரிய முறையில் ஆராய்ந்து பதில் எழுதினார்: "தரையில் பரிசோதிக்கப்பட்டது. தரையில் சிரிக்கவில்லை."

'ஒரு கருவியைக்கூடத் தொலைக்காத ஊழியர்' என்று அவருக்குச் சான்றிதழ் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். ஆனால் 917 தலைக்கு மேலே போகும்போதெல்லாம் அவர் கொட்டகைக்குள் ஓடி நின்றுகொண்டார். "தேசத்துக்கு இளைஞர்களைத் திரட்ட ஆவல்" என்று மனுமேல் மனுவாகப் போட்டார். எழுபத்திரண்டில் பலித்தது. காரைக்குடி செக்காலையில் தற்காலிக ஆள்சேர்ப்பு முகாம், செம்மலை பொறுப்பாளர். வீட்டுச் சாப்பாடு. தலைக்கு மேலே பறப்பது காக்கை மட்டும்.

பின்னாலேயே மேலிடத்துக் கடிதமும் வந்தது. "வெள்ளிக்கிழமை ரயிலுக்கு இருபத்து மூன்று பேர் தேவை. விமானம் 917 சென்னையில் காத்திருந்து அவர்களை வடக்கே கொண்டுசெல்லும். ஒருவர் குறைந்தாலும் முகாம் கலைக்கப்பட்டு, தாங்கள் அதே விமானத்தில் பழைய தளத்துக்குத் திரும்புவீர்கள். தங்கள் நெடுங்காலச் சேவையைப் பாராட்டி, சன்னலோர இருக்கை."

செம்மலைக்குத் தேசபக்தி பொங்கியது. ஊர் ஊராகப் போய், 'உங்கள் பிள்ளையை எங்களுக்குக் கொடுங்கள்' என்று பேசினார். மார்பளவு எடுக்கும் டேப்பை அவர் பிடிக்கிற பிடியில் முருங்கைக்காய்க்கும் மார்பு விரிந்தது. வியாழக்கிழமை காலையில் இருபத்திரண்டு பேர் தேறியிருந்தார்கள். ஒன்று குறைந்தது.

அப்போதுதான் கண்ணம்மை ஆச்சி தன் மூன்றாவது மகன் நாச்சியப்பனோடு முகாமுக்கு வந்தார். செட்டிநாட்டில் ஒருவர் 'உங்கள் பிள்ளையை எங்களுக்குக் கொடுங்கள்' என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தந்தான் உண்டு. பிள்ளையில்லாத வீட்டுக்குச் சுவீகாரம். அவர்கள் பேச்சில், பிள்ளை கூட்டுவது; அதுவும் ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள்தான்.

"பிள்ளை கூட்டுறீகன்னு சொன்னாக," என்றார் ஆச்சி. "அவுக எந்தக் கோயிலு?"

"கோயிலா? இது சர்க்காரு ஆச்சி."

"சர்க்காருக்குப் பிள்ளை இல்லையாக்கும், பாவம். இருந்தாலும் ஒரே கோயிலா இருந்தாத்தான கூட்ட முடியும். நாங்க இளையாத்தங்குடி."

செம்மலைக்கு ஓர் ஆள் வேண்டும். "அவுகளும் இளையாத்தங்குடிதான் ஆச்சி."

"வீட்டுல எத்தனை பேரு?"

"ஒரு லட்சம் இருக்கும்."

"பெரிய அடுப்படிதான். இதுக்கு முன்னாடி எத்தனை பிள்ளை கூட்டியிருக்கீக?"

"இப்ப இருபத்திரண்டு. நம்ம பிள்ளையோட இருபத்து மூணு. நம்மகிட்ட எண்ணிக்கை தப்பாது ஆச்சி."

ஆச்சி மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "எண்ணிக் கூட்டிட்டுப் போறீக. எண்ணிக் கொண்டாந்து விடுவீகளா?"

செம்மலை ரிஜிஸ்டரைப் புரட்டினார். அதில் போகிறவர்களுக்குத்தான் கட்டம் போட்டிருந்தது, திரும்புகிறவர்களுக்கு இல்லை. ஆச்சி மகனைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

வரிசையில் அடுத்து நின்றவனைப் பார்த்ததும் செம்மலைக்குக் கையிலிருந்த டேப் நழுவியது. அவருடைய மகன் சத்தியமூர்த்தி. அந்தக் காதுகுத்துப் பிள்ளைதான்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தாம்ப்பா வந்தேன்," என்றான்.

இருபத்திரண்டு பேருக்கு விரிந்த டேப் இப்போது சுருங்கியது. "ஒரு அங்குலம் குறையுது, வீட்டுக்குப் போடா," என்றார். பக்கத்திலிருந்த படை மருத்துவர் டேப்பை வாங்கித் தானே அளந்தார். மூன்று அங்குலம் கூடுதலாக இருந்தது. "தங்கள் மகனா? நாட்டுக்கு எடுத்துக்காட்டு," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். செம்மலையும் குலுங்கினார்.

வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். அவர் மனைவி ஒச்சம்மாள் கேட்டாள்: "ஊரான் பிள்ளைன்னா மைக்குப் போட்டுப் பேசுனீக. நம்ம பிள்ளைன்னதும் மேலுக்கு முடியலையா?"

வெள்ளிக்கிழமை காரைக்குடி ஸ்டேஷனில் ஒரே கூட்டம். பெண்கள் திருநீறு பூசிவிட்டார்கள். செம்மலை ஒவ்வொரு தலையாக எண்ணி ஏற்றினார். கடைசியில் சன்னல் வழியாக மகனின் காதைப் பிடித்து இழுத்து, ஸ்பேனர் கதை முழுவதையும் சொன்னார்.

"மெட்ராஸ்ல எறங்குனதும் வயித்தவலின்னு படுத்துரு. எந்துரிக்காத. அந்த விமானத்துல மட்டும் ஏறிறாத."

சத்தியமூர்த்தி பெட்டிக்குள் திரும்பிப் பார்த்தான். "அப்ப இவுகளுக்கு?"

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல வயித்தவலின்னா எவன்டா நம்புவான்?" என்றார் செம்மலை.

கார்டு விசிலடித்தார். ரயில் போயிற்று. செம்மலை ரிஜிஸ்டரில் எழுதினார்: "இருபத்து மூன்று. எண்ணிக்கை சரி."

சனிக்கிழமை மதியம் தந்தி வந்தது. "தாங்கள் அனுப்பிய அனைவருக்கும் கடும் வயிற்றுவலி. எவரும் எழுந்திருக்க மறுப்பு. இருபத்து மூன்று. எண்ணிக்கை சரி. முகாம் கலைக்கப்படுகிறது. 917 தங்களுக்காக மதுரை வருகிறது. சன்னலோர இருக்கை, வலப்பக்கம்."

செம்மலை செருப்பைக்கூட மாட்டாமல் தந்தி ஆபீசுக்கு ஓடினார். பாரத்தை வாங்கி எழுதினார்: "917 பறக்கக் கூடாது. உடனே பிரித்துத் தேடவும். உள்ளே ஒரு ஸ்பேனர் இருக்கிறது. எண்ணிக்கை சரியில்லை."

ஆறு வருஷமாக அந்த விமானத்தில் ஏறி இறங்கியவர்களுக்காக ஒருநாளும் எழுத வராத வரி, ஊரார் பெற்ற இருபத்திரண்டு பிள்ளைகளுக்காக எழுத வராத வரி, தனக்கென்று ஓர் இருக்கை போட்டதும் அவருக்கு அடித்தல் திருத்தலின்றி வந்துவிட்டது.