ராஜமுயலின் முடி உதிர்ந்த விவகாரம்

ஜீவகாருண்யத்தில் எங்கள் நாரணாபுரம் ராஜமுயல் மத்தாப்புக் கம்பெனியை மிஞ்சிய நிறுவனம் உலகத்தில் ஒன்று இருந்திருந்தால், அதன் கோப்புகளைக் கரையான் தின்றிருக்க வேண்டும். அந்தக் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தாவும் ஒரே குமாஸ்தாவுமாகிய ராக்கப்பன் என்னும் நான், அறுபத்திரண்டாம் வருஷம் நடந்ததை உள்ளது உள்ளபடி தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் பெட்டி லேபிளில் கிரீடம் வைத்த வெள்ளை முயல் இருக்கும். லேபிளில் மட்டும் இருந்தால் போதுமா என்று முதலாளி ஊர்க்காவலன் ஒருநாள் யோசித்தார். மறுநாள் மதுரையிலிருந்து இரண்டு வெள்ளை முயல்கள் வந்து இறங்கின. ராஜா என்றால் ஆண்தானே? ஆகவே, 'இரண்டும் ஆண்' என்று ரிஜிஸ்டரில் பதியச் சொன்னார். பதிந்தேன். கம்பி மத்தாப்பு அடுக்கும் ஷெட்டின் வாசலில் கூண்டு வைக்கப்பட்டது. கீரை போட்டுக் கூண்டைக் கூட்டும் 'கௌரவப் பதவி', அங்கே பெட்டி அடுக்கும் அய்யம்மாளுக்குக் கிடைத்தது. அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. ரிஜிஸ்டரில் அது இல்லாததால் ஆபீசுக்குத் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை காலை மானேஜர் சங்கரபாண்டியன் மூச்சிரைக்க ஓடிவந்தார். இரு முயல்களில் பெரியதற்கு நெஞ்சிலும் வயிற்றிலும் முடியே இல்லை. தோல் பளபளவென்று தெரிகிறது. அடுத்த வாரம் பம்பாய் வியாபாரி ஆர்டர் கொடுக்க வருகிறார். உயிருள்ள முயல் மார்க்கைப் பார்க்க வேண்டும் என்று கடிதமே போட்டிருக்கிறார். வழுக்கை விழுந்த ராஜாவை அவருக்கு எப்படிக் காட்டுவது?

அவசரக் கூட்டம் கூடியது. முடி சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சலூன் நாகையா 'நிபுணராக' வரவழைக்கப்பட்டார். அவர் முயலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பொடுகு இல்ல. புழுவெட்டும் இல்ல. பிடுங்கி எடுத்த மாதிரில்ல இருக்கு."

பிடுங்கியிருக்கிறது என்றால் பிடுங்கியவர் இருக்க வேண்டும். முயலைத் தொடும் ஒரே ஆள் அய்யம்மாள். பத்து நிமிஷத்தில் விசாரணை ஆரம்பமாகிவிட்டது. இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு அவள் நின்றாள்.

"எதுக்கு முயல் முடியப் பிடுங்குன?" என்றார் மானேஜர்.

"நான் ஏன்யா பிடுங்கப் போறேன்? அதுவாத்தான் பிடுங்குது. சினையா இருக்குய்யா. குட்டிக்கு மெத்தை போடுது. கூண்டு மூலையில பாருங்க, அம்புட்டு முடியும் அங்கனதான் கெடக்கு."

மானேஜர் என் பக்கம் திரும்பினார். "ரிஜிஸ்டர்ல என்ன இருக்கு?"

"ரெண்டும் ஆண், சார்."

"கேட்டியா? ரெண்டும் ஆம்பள."

"அது முயலுக்குத் தெரியுமாய்யா?"

இந்தக் கேள்வி விசாரணைக்குத் தொடர்பற்றது என்று குறித்துக்கொண்டேன். கூண்டின் மூலையை யாரும் போய்ப் பார்க்கவில்லை. விசாரணை முடியும்வரை அய்யம்மாளுக்கு வேலை கிடையாது என்று உத்தரவாயிற்று.

"என் வீட்டுக்காரரு கால் ஒடிஞ்சு படுத்துக் கெடக்காருய்யா. நான் வராட்டி அடுப்பு எரியாது," என்று அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். 'தன் தரப்பில் புதிதாக எதுவும் சொல்லவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடினேன்.

புதன்கிழமை விருதுநகரிலிருந்து கால்நடை டாக்டர் வந்தார். முயலைப் புரட்டிப் பார்க்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"தோல்ல ஒரு நோயும் இல்லை. இது பொட்டை. நாளைக்குள்ள குட்டி போட்டுரும். முடியைப் பிடுங்கி மெத்தை போட்டிருக்கு. ஏன், இதைப் பார்த்துக்கிடுற ஆளு உங்ககிட்டச் சொல்லலையா?"

முதலாளி, மானேஜர், நான் மூவரும் கூரையைப் பார்த்தோம்.

"தாய் முயலை இந்த ஷெட்ல வைக்காதீங்க. இந்த மத்தாப்பு மருந்துப் பொடி நெஞ்சுக்கு ஆகாது. நிழல் வேணும், ஓய்வு வேணும், பச்சைக் கீரை வேணும். அதட்டிப் பேசவே கூடாது."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "தாயாகப் போற ஜீவனைத் தூசியிலயா வச்சிருந்தோம்? பாவம்யா!" என்றார். வெளியூர் வியாபாரிகள் தங்கும் அறை அன்றே வெள்ளையடிக்கப்பட்டு முயலுக்கு ஒதுக்கப்பட்டது. 'பிரசவ ஓய்வு' உத்தரவை நானே எழுதினேன். ரிஜிஸ்டரும் திருத்தப்பட்டது: ஆண் ஒன்று, தாய் ஒன்று.

அய்யம்மாளுக்கு ஆள் அனுப்பினோம். அவள் நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. ஆயினும், டாக்டருக்கு இரண்டு நாள் முன்னதாகவே உண்மையைச் சொன்னதற்காகக் 'கண்டிக்கப்பட்டாள்'. வியாழக்கிழமை ஆறு குட்டிகள் பிறந்தன. கம்பெனி முழுக்க மிட்டாய் வழங்கினோம்.

மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே அய்யம்மாள் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"எனக்கும் மாசம் நெருங்குதுய்யா. பொடி ஏறி ஏறி ஒரே இருமல். கொஞ்ச நாளைக்கு வேற எடத்துல உக்கார வையுங்க. பிள்ளை பெத்து வந்த பெறகு வேலை இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முயலுக்குக் குடுத்ததுல பாதி குடுத்தாப் போதும்."

வாய்மொழிக் கோரிக்கையை ஆபீஸ் ஏற்பதில்லை. ஆகவே விண்ணப்பத்தை நானே எழுதி, அவள் கைநாட்டை வாங்கி, மானேஜரிடம் வைத்தேன். அவர் ஆழ்ந்து பரிசீலித்து ஓரத்தில் எழுதினார்: 'விதியில் இடமில்லை. விண்ணப்பதாரர் முயல் அல்லர்.'

அதை அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் ஷெட்டுக்குப் போய்ப் பெட்டி அடுக்க உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் பம்பாய் வியாபாரி வந்தார். வெள்ளையடித்த அறையையும் குட்டிகளையும் பார்த்து உருகிப்போனார். ஆர்டரை இரட்டிப்பாக்கிவிட்டு, பார்வையாளர் புத்தகத்தில் இங்கிலீஷில் ஒரு வரியும் எழுதினார். அதைத் தமிழாக்கிக் கேட்டில் மாட்டும்படி முதலாளி உத்தரவிட்டார். பெரிய எழுத்தில் பலகை தயாராயிற்று.

மறுநாள் காலையில் நான் பலகையை மாட்டிக்கொண்டிருந்தேன். கீரைக்கட்டோடு வந்த அய்யம்மாள் நின்றாள்.

"என்னய்யா எழுதியிருக்கு?"

கனத்த குரலில் படித்தேன்: "இந்தக் கம்பெனியில் பிராணிகளையும் மனிதர்களைப் போலவே நடத்துகிறார்கள்."

அவள் இருமினாள். மூச்சு வாங்கிக்கொண்டு பலகையை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாஸ்தவம்தான்யா. மனுசங்களுக்குன்னு இருந்த எடம் இங்கன காலியாத்தானே கெடந்துச்சு."