ஹாரன் அண்ணனின் ராத்திரி மாத்திரை

மலேசியாவில் பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும், மருந்து கொடுத்தவனையே நோயாளியாக்கும் மனிதர் ஹாரன் அண்ணனைத் தவிர இன்னொருவர் கிடைக்கமாட்டார். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் அவர் இருமினால் பஸ் ஸ்டேஷனில் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படியொரு தொண்டை.

எண்பதுகளில் நான் புந்தோங்கில் ஒரு கிளினிக்கில் மருந்து கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பஸ் பட்டறையில் மெக்கானிக். இடுப்பிலிருந்து கால்வரை நரம்பு வலி, வருஷக்கணக்காக. தரையில் உட்கார்ந்தால் சுள்ளென்று இழுக்கும். அந்த நேரம் பார்த்து மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணவறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் கையால் தாரை வார்க்க வேண்டும். அதுதான் அவருடைய ஒரே கவலை. நாற்காலி போட்டுக்கொள்ளலாமே என்றவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போனார்.

டாக்டர் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை எழுதினார். குறைந்த அளவு, படுக்கப் போகும் முன்.

“அண்ணே, இது ஒடனே கேக்காது. சில வாரம் ஆவும். தூக்கம் வரும், வாய் காயும். ராத்திரி மட்டும் போடுங்க” என்றேன்.

“தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரெசர் குடுத்த மிக்சரு தொண்டைய விட்டு எறங்குறதுக்குள்ள கேட்டுச்சு. ஒன் மாத்திரை என்னா, மாட்டு வண்டியிலயா போவுது?”

வலிக்கும்போது போடுவதுதானே மருந்து! காலையிலேயே விழுங்கிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். பஸ்ஸுக்கு அடியில் படுத்தவர் அங்கேயே குறட்டை விட, காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். விழித்ததும் நேராகக் கிளினிக்குக்கு வந்து என்னைத் திட்டினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒருவழியாக ராத்திரிக்கு மாறினார். அப்புறம்தான் வந்தது வினை. கிளினிக்கில் காத்திருந்த ஒரு அக்கா அவர் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்துவிட்டு, “என் தம்பிக்கும் இதான்லா, தஞ்சோங் ரம்புத்தான்ல குடுத்தாங்க” என்றார். ஈப்போவில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே மனநல ஆஸ்பத்திரி என்றுதான் அர்த்தம்.

“அடப்பாவி! எனக்குப் பைத்தியம்னு நெனச்சா மாத்திரை குடுத்த?”

“இல்லண்ணே! மனசு சோர்ந்தவங்களுக்கு அதிகமா குடுப்பாங்க. கொஞ்சமா குடுத்தா நரம்பு வலிய அடக்கும். ஒரே ஸ்பேனர வச்சு பஸ்ஸயும் கழட்டுறீங்க, லோரியயும் கழட்டுறீங்கள்ல?”

கேட்டால்தானே! அந்த ஹாரனில் புந்தோங் முழுக்கச் செய்தி போய்விட்டது. புந்தோங்கோடு நின்றதா? தஞ்சோங் மாலிமில் இருந்த மாப்பிள்ளை வீடுவரை போனது. பெண்ணுடைய அப்பாவுக்கு ஒரு மாதிரியாமே, கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று அங்கிருந்து ஒரு ஆள் வந்து சொன்னார்.

அன்று அண்ணன் கிளினிக் வாசலில் நின்று முனகினார். “தம்பி, என்னால எம் மக வாழ்க்கை போயிருமாடா?” அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

இருவரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் பஸ் ஏறினோம். நான்தான் பேசுவதாக ஏற்பாடு. என்னை வாய் திறக்க விட்டால்தானே!

“சம்பந்தி, நரம்பு ஹாரன் ஒயரு மாதிரி. கெட்டுப்போனா யாரும் அமுக்காமலே சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். அதத்தான் இந்த மாத்திரை அடக்குது. மனசு ஒடஞ்சவங்களுக்கும் இதக் குடுப்பாங்க, அதுக்கென்னா? அவங்கள்லாம் களவாணியா? நோவுன்னா மருந்து திங்கணும்லா!”

ஒரு மாதமாக நான் கத்தியதெல்லாம் அந்த மண்டைக்குள் ஏறித்தான் இருந்திருக்கிறது. படுபாவி, என்னிடம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக, “எனக்கும் முட்டி வலிக்குதுண்ணே, ஒண்ணு குடுங்களேன்” என்றார்.

“அலாமக்! அடுத்தவங்க மாத்திரையத் தொடக் கூடாது. டாக்டரப் போயிப் பாருங்க!” சம்பந்தியம்மாளையே அதட்டிவிட்டார். எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். “இவ்வளவு வெவரமா பேசுறவருக்கா பைத்தியம்? போயி கல்யாண வேலயப் பாருங்க.”

கல்யாணத்தன்று அண்ணன் மணவறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வலி முழுசாகப் போகவில்லை, உட்காரும் அளவுக்கு அடங்கியிருந்தது. தாரை வார்க்கும்போது கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நான் பதறிப்போய்க் குனிந்து, “ரொம்ப வலிக்குதாண்ணே?” என்றேன்.

“இதுக்கும் ஒரு மாத்திரைய நீட்டிறாதடா” என்றார்.

நான் எங்கே நீட்ட? எனக்கும் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.