இரண்டு முறை திரும்பிய செக்

பாடம் நடத்துகிறவனுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் என்னை முதல் வருஷமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். பிள்ளைகளுக்கு வங்கிச் சட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு வயது இருபத்தேழு. செக் என்றால் என்ன, கோடு போட்ட செக்குக்கும் போடாத செக்குக்கும் என்ன வித்தியாசம், பணமில்லாமல் செக் கொடுத்தால் எத்தனை வருஷம் உள்ளே போகலாம் என்பதையெல்லாம் குறிப்பைப் பார்க்காமலே சொல்லுவேன். சொந்தமாக ஒரு செக் எழுதியதில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஒரு புதிய தனியார் வங்கி கிளை திறந்தது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., டை கட்டிய பையன்கள். அவர்களில் ஒருவர் எங்கள் ஆசிரியர் அறைக்கே படிவத்தோடு வந்தார். மற்றவர்கள் டீயைக் குடித்துவிட்டு நழுவிவிட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். காரணம் வெட்கக்கேடானது: செக் புத்தகத்தில் என் பெயரை அச்சடித்துத் தருவதாக அவர் சொன்னார். படிவத்தின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ எழுதியிருந்தது. கணக்கில் சராசரியாக ஐயாயிரம் ரூபாய் இருக்க வேண்டும், குறைந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுநூற்றைம்பது பிடிப்போம் என்ற விவரம் அந்த எறும்புகளுக்குள் இருந்தது. (நான் வகுப்பில் அடிக்கடி சொல்லும் வாசகம்: "படிக்காமல் கையெழுத்துப் போடாதே.")

அந்தத் தீபாவளிக்குக் கலர் டி.வி. வாங்கியதில் கணக்கு இரண்டு மாதம் ஆயிரத்துச் சொச்சத்தில் கிடந்தது. டிசம்பர் கடைசியில் கல்லூரி பழைய சம்பளப் பாக்கியை மொத்தமாகக் கொடுத்தது. போட்டேன். பதினைந்தாயிரத்து இருநூறு ஆயிற்று. அந்த எண்ணை மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். வங்கியும் தன் பங்குக்கு ஏதாவது எழுதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச்சாமி மச்சான் என் அறைக்கு வந்தார். என் அக்காவைக் கட்டியவர். கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயம். அதிகம் பேச மாட்டார். அன்று உட்காரக்கூட இல்லை.

"மாப்ள, போர் மோட்டாரு எரிஞ்சு போச்சு. காயில் கட்டிச் சரிபண்ண முடியாதுன்னுட்டாங்க. புதுசுதேன் எறக்கணும்."

அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. போர்த் தண்ணீரை நம்பி ஒன்றரை ஏக்கரில் மட்டும் நெல் நட்டிருந்தார். கதிர் பால் பிடிக்கிற பருவம்.

"எம்புட்டு மச்சான் ஆகும்?"

"இருபது. அஞ்சு எங்கிட்ட இருக்கு. மிச்சத்த அறுப்பு முடிஞ்சதும் குடுத்துருவேன். ரொக்கமா இருந்தா நாளைக்கே எறக்கிருவேன்."

நாளைக்கே, அவர் கேட்டது அவ்வளவுதான். மறுநாள் காலை வங்கிக்குப் போய்ப் பணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. ஆனால் என் மேஜை இழுப்பறையில் பெயர் அச்சடித்த செக் புத்தகம் இருந்தது.

"இந்தக் காலத்துல யாரு மச்சான் பதினஞ்சாயிரத்த பஸ்ல தூக்கிட்டு அலைவா? மேலூர் பஸ்ல பிக்பாக்கெட் அதிகம். செக்கு தாரேன். கடைக்காரர் பேருக்கே எழுதுறேன். அவர் பேங்குல போட்டா மூணு நாள்ல பணம் போயிரும்."

"மூணு நாளா?" என்று கேட்டார். செக் புத்தகத்தை ஒரு தடவை பார்த்தார். படித்தவன் சொல்கிறான் என்று நினைத்திருப்பார். நான் நிதானமாக எழுதினேன். எண்ணால், எழுத்தால், மேல் மூலையில் இரண்டு கோடு. கையெழுத்தை ஊதிக் காயவைத்துக் கொடுத்தேன். (பால்பாயிண்ட் பேனா. ஊதத் தேவையே இல்லை.)

மேலூரில் மோட்டார் கடைக்காரர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "பாஸாகட்டும், மோட்டார எடுத்துக்கங்க" என்றாராம். அதற்கு மச்சான், "என் மாப்ள காலேஜு வாத்தியாரு. பேங்கு பாடமே அவருதேன் நடத்துறாரு" என்று சொல்லியிருக்கிறார். நான்கு பேர் இருந்த கடையில் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை மச்சான் ஒரு டெம்போவை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு மோட்டார் எடுக்கப் போனார். கடைக்காரர் செக்கையும் அதோடு குத்தியிருந்த சீட்டையும் நீட்டினார். டெம்போ வெறுமனே திரும்பியது. மச்சான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கல்லூரி ஆபீசுக்குப் போன் செய்தார்.

"மாப்ள, செக்கு திரும்பிருச்சாம்."

"திரும்பாதே மச்சான்! கணக்குல பணம் இருக்கு. கையெழுத்து லேசா மாறியிருக்கும், அதுக்கும் திருப்புவாங்க. மறுபடி போடச் சொல்லுங்க."

"சீட்டுல ஏதோ இங்கிலீசுல எழுதியிருக்கு. படிக்கச் சொல்லவா?"

"வேண்டாம் மச்சான், எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும் என்று நான் சொன்ன அந்த நிமிஷத்தை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. ஒரு போன், ஒரு ஏ.டி.எம்., வங்கிக்கு ஒரு நடை, ஏதாவது ஒன்று போதும். நான் மூன்றாவது பீரியடுக்குப் போய், செக் திரும்புவதற்கான பதினோரு காரணங்களைப் பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை செக் மறுபடி திரும்பியது. இந்த முறை போன் செய்தது அக்கா.

"தம்பி, பயிரு சுருளுது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு தடவ தண்ணி விட்டாரு, அது முன்னாடி வயலுக்குத்தேன் பாஞ்சது. ஒங்க மச்சான் வீட்டுல தங்குறதே இல்ல. வரப்புலயே நிக்கிறாரு." பிறகு, "ஒனக்கு முடியாட்டி சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

முடியாமல் செக் கொடுத்திருக்கிறேன் என்றே அவள் முடிவு செய்துவிட்டாள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வங்கிக்குப் போனேன். பஸ்ஸில் முழு நேரமும் ஆங்கிலத்தில் ஒரு சொற்பொழிவைத் தயார் செய்தேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும், டோக்கன்கூட எடுக்காமல், முதல் கவுன்டருக்கு முன்னால் நின்று ஆரம்பித்துவிட்டேன். வாடிக்கையாளரின் செக்கைத் தகுந்த காரணமின்றித் திருப்பி அனுப்பினால் நஷ்டத்துக்கு வங்கியே பொறுப்பு என்றேன். சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொன்னேன். மேஜையைத் தட்டினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "நல்லாக் கேளுங்க தம்பி" என்று ஊக்கம் கொடுத்தார்.

கவுன்டருக்குப் பின்னாலிருந்த பெண் எழுந்து நின்றாள்.

"வணக்கம் சார். நான் ராஜேஸ்வரி சார். போன வருஷம் பி.காம். முடிச்ச பேட்ச்."

மூன்றாவது பெஞ்ச். மாதிரித் தேர்வில் வங்கிச் சட்டத்தில் நான் முப்பத்தெட்டு போட்ட பெண். விடைத்தாளைக் கொடுக்கும்போது, "நீயெல்லாம் எந்த பேங்க்ல வேலை பார்க்கப் போற?" என்று கேட்டிருக்கிறேன்.

அவள் கணினியைத் தட்டி, ஒரு தாளை அச்செடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள். பேனா முனையால் ஒவ்வொரு வரியாகக் காட்டினாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் நான் போட்ட சத்தத்துக்குப் பிறகு அங்கே அப்படியோர் அமைதி. அவள் சொன்னது கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

"பதினஞ்சாயிரத்து இருநூறு இருந்துச்சு சார். போன குவார்ட்டர்ல சராசரி குறைஞ்சதுக்கு எழுநூத்தம்பது பிடிச்சிருக்காங்க. மிச்சம் பதினாலாயிரத்து நானூத்தம்பது. செக் பதினஞ்சாயிரத்துக்கு வந்திருக்கு. திரும்பினதுக்கு முந்நூத்தம்பது. மறுபடி வந்திருக்கு. மறுபடி முந்நூத்தம்பது. இப்போ பதிமூவாயிரத்து எழுநூத்தம்பது இருக்கு சார்."

"ஆனா அந்தப் பிரிவுல…" என்றேன்.

"'கணக்கில் போதுமான பணம் இருக்கும்போது'ன்னு அதுல ஒரு வரி வரும் சார். எங்களையெல்லாம் நீங்கதான் அடிக்கோடு போடச் சொன்னீங்க."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவள் பரீட்சையில் பதில் சொல்கிற மாதிரி, சரியாகச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தோடு சொன்னாள். எனக்கு ஊக்கம் கொடுத்த பெரியவர் மெதுவாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிடித்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி மேனேஜரிடம் அவளே போய்ப் பேசிப் பார்த்தாள். விதி விதிதான் என்று சொல்லிவிட்டாராம். திரும்பி வந்து, "ஐம்பது ரூபா மட்டும் விட்டுட்டு மிச்சத்த இப்பவே எடுத்துக்கங்க சார். அவசரம் முடிஞ்சதும் வந்து கணக்க மூடிருங்க. மார்ச் முடியறதுக்குள்ள மூடிருங்க, இல்லேன்னா மறுபடி பிடிப்பாங்க" என்றாள். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. எங்க அப்பாவுக்கே நான் இங்க கணக்குத் தொடங்கல" என்றாள்.

மீதிக்குக் கல்லூரிக் காசாளரிடம் ஆயிரத்து முந்நூறு கடன் வாங்கினேன். மொத்தத்தையும் பனியனுக்குள் வைத்துக்கொண்டு, எந்த பஸ்ஸில் பிக்பாக்கெட் அதிகம் என்று சொன்னேனோ அதே பஸ்ஸில் மேலூருக்குப் போனேன். யாரும் என்னைத் தொடக்கூட இல்லை.

சொல்லி அனுப்பியிருந்தபடி மச்சான் கடை வாசலில் காத்திருந்தார். ஒன்பது நாளில் ஆள் பாதியாக இருந்தார். கடைக்காரர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு செக்கை என்னிடம் நீட்டினார். "சார், நீங்கதான் பேங்கு பாடம் நடத்துறவரா?" என்றார். அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். "பேங்குல கம்ப்யூட்டர் கோளாறுண்ணே. அவரு மேல தப்பில்ல."

வெளியே வந்ததும், "கோளாறெல்லாம் இல்ல மச்சான். என் தப்புதான்" என்றேன்.

"ரெண்டாந்தடவ திரும்பையிலயே தெரியும் மாப்ள" என்றார். "அந்தப் பக்கம் பிடிங்க, மோட்டார ஏத்துவோம்."

மார்ச்சுக்கு முன் கணக்கை மூடினேன். அதற்கு மட்டும் கட்டணம் எவ்வளவு என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அக்காவுக்கு இன்னும் தெரியாது. அடுத்து நல்ல வங்கியாகப் பார்க்க வேண்டும். நோட்டில் கட்டம் போட்டு, குறைந்தபட்ச இருப்பு, வட்டி, கட்டணம் என்று வங்கி வங்கியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் உரம் வாங்க வந்த மச்சானும் கூடவே வந்தார். மாடு பார்க்கப் போகிறவர் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். நான் என் கட்டங்களை நிரப்பி முடிக்கும் வரை காத்திருந்து, எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"ஐயா, கணக்குல பணம் இல்லேன்னா என்ன செய்வீக?"

முதல் வங்கியில் ஒரு அட்டவணையை நீட்டினார்கள். இரண்டாவதில் ஓவர்டிராஃப்ட் என்று ஒன்று இருக்கிறது, இல்லாத பணத்தையும் எடுக்கலாம், வட்டியும் கட்டணமும் மட்டும் கட்டினால் போதும் என்றார்கள். "இல்லாத பணத்த எடுக்கவா?" என்று கேட்டுவிட்டு மச்சான் நேராக வெளியே போய்விட்டார். கடைசியாக ஒத்தக்கடையில் ஒரு பழைய அரசு வங்கி. மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. கிளார்க் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னார்.

"பணம் இல்லேன்னா நாங்க என்னங்க செய்ய? பணம் வந்ததும் வாங்க. செக் புக் வேண்டாம்னா நூறு ரூவா கெடந்தாப் போதும்."

மச்சான் என்னைப் பார்த்தார். "எழுதிக் குடுங்க மாப்ள."

நான் நோட்டை மூடினேன். செக் புக் வேண்டுமா என்ற கட்டத்தில் வேண்டாம் என்று எழுதினேன். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கணக்குதான்.

மாசியில் அறுவடைக்குப் போனேன். முன் வயல் தப்பித்திருந்தது. பின் வயல் அரை ஏக்கரும் சாவி. கதிர் நிமிர்ந்து நின்றது. உருவிப் பார்த்தால் உள்ளே அரிசி இல்லை. களத்தில் அக்கா முறத்தால் தூற்ற, காற்று அதை வேலி வரைக்கும் கொண்டுபோய்க் குவித்தது. நான் குவியலின் பக்கத்தில் நின்றுகொண்டு, "மச்சான், அந்தப் பதினஞ்சாயிரத்த நீங்க திருப்பித் தர வேணாம்" என்றேன்.

"அதெல்லாம் தாரேன் மாப்ள" என்றார் அவர். குனிந்து ஒரு பிடி சாவியை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பாக்கத்தேன் நெல்லு மாதிரி இருக்கு. உள்ள ஒண்ணுமில்ல. செக்கு."

அக்காதான் முதலில் சிரித்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதனால் நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாவி என்கிற சொல் செத்துப்போனது. "இந்தப் போகத்துல செக்கு அதிகமில்ல", "செக்க தூத்திட்டு மூட்டை பிடிங்க" என்றுதான் பேச்சு. போன வருஷம் அக்கா மகனுக்குக் கல்யாணமாகி மேலூர்ப் பக்கமிருந்து மருமகள் வந்தாள். அவளும் விவசாய வீட்டுப் பெண்தான். ஊருக்கு ஊர் சொல் மாறும் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பொங்கல் கழிந்து நான் போயிருந்தபோது அவள் தன் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இல்லம்மா, இங்கிட்டு சாவியச் செக்குன்னுதேன் சொல்லுவாக. பழைய தமிழாம்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றார் அவர் அவளிடம். "வேணும்னா நம்ம வாத்தியாரக் கேளு."